தோண்டிய மண்ணுக்கும் கணக்கு உண்டு



புதிதாகக் கடை கட்டுகிறோம், கிட்டங்கி எடுக்கிறோம், தண்ணீர்த் தொட்டிக்குப் பள்ளம் தோண்டுகிறோம். செங்கல், சிமெண்ட், கம்பி, ஷட்டர் என்று எல்லாவற்றுக்கும் நான்கு இடத்தில் விலை கேட்டுத்தான் வாங்குகிறோம். ஆனால் தோண்டி எடுத்த மண்ணும் கல்லும் எங்கே போகும், அதற்கு என்ன செலவாகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறவர் நம்மில் பத்தில் ஒருவர்கூட இல்லை. "மண்தானே, யாராவது அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்" என்று இருந்துவிடுகிறோம். நானும் அப்படி இருந்தவன்தான். அதனால் பட்ட பாட்டையும், பிறகு கற்றுக்கொண்டதையும் நம் உறுப்பினர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

என் அனுபவம்

2011-ஆம் ஆண்டு திண்டுக்கல்லில் எங்கள் கிட்டங்கியை இடித்துக் கட்டினோம். அடியில் ஓர் அறை இருந்தால் சரக்குக்கு ஆகும் என்று ஆசைப்பட்டுப் பள்ளம் தோண்டினேன். மண் அள்ள மூன்று பேர் தொகை சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னது ஏறக்குறைய ஒரே தொகை. மூன்றாமவர் அதில் பாதிக்குச் சற்று மேல் சொன்னார். "மண்ணை எங்கேப்பா கொட்டுவாய்?" என்று பெயருக்கு ஒரு வார்த்தை கேட்டேன். "அது உங்களுக்கு எதற்கு முதலாளி, இடம் காலியானால் போதாதா?" என்றார். போதும் என்று நினைத்து அவருக்கே கொடுத்தேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் எனக்குத் தெரிந்த ஒரு பருப்பு மொத்த வியாபாரி என் கடைக்கு வந்தார். இருபது வருடமாகக் கொடுக்கல் வாங்கல் உள்ளவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அண்ணாச்சி, உங்கள் மண் என் கிட்டங்கிக்குள் வந்திருக்கிறது" என்றார்.

போய்ப் பார்த்தேன். அவருடைய கிட்டங்கிக்குப் பின்னால் போகும் மழைநீர் ஓடையில் பாதி தூரம் மண் மேடு. செம்மண்ணும் வெள்ளைச் சுக்கானும் கலந்து கிடந்தது. அந்த வருடம் அந்தப் பகுதியில் அப்படிப்பட்ட மண் எடுத்தவன் நான் ஒருவன்தான். ஓடையில் போக வழியில்லாத தண்ணீர் அவருடைய பின்வாசல் வழியாக உள்ளே புகுந்து, தரையோடு அடுக்கியிருந்த துவரம்பருப்பு மூட்டைகளின் கீழ் வரிசை முழுவதையும் நனைத்துவிட்டது. நனைந்த பருப்பு ஒரு வாரத்தில் என்னவாகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் காவல் நிலையத்துக்குப் போகவில்லை. சங்கத்தில் வைத்துப் பேசினோம். மண் கொட்டிய ஒப்பந்தக்காரரோ தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். மூட்டைகளுக்கு நான் கொடுத்தேன். ஓடையில் கிடந்த மண்ணை மறுபடியும் ஜேசிபி வைத்து அள்ளி, மறுபடியும் லாரி வாடகை கொடுத்து, அனுமதித்த இடத்தில் கொண்டு போய்க் கொட்டினேன். மலிவானவரைப் பிடித்ததில் மிச்சம் என்று எண்ணியிருந்த தொகையைப் போல் நான்கு மடங்கு கைவிட்டுப் போனது. அதைவிடப் பெரிய நஷ்டம், அந்த நண்பர் என்னிடம் பழையபடி பேச ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

முதலில் அளவு

மண் வேலையில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கி நூறால் வகுத்தால் யூனிட் வந்துவிடும். உதாரணமாக 40 அடி நீளம், 30 அடி அகலம், 8 அடி ஆழம் என்றால் 9,600 கன அடி, அதாவது 96 யூனிட். 3 யூனிட் பிடிக்கும் டிப்பர் லாரியானால் 32 நடை என்று நாம் கணக்குப் போடுவோம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

பூமிக்குள் இறுகிக் கிடக்கும் மண் வெட்டி எடுத்தவுடன் உதிர்ந்து பெருகும். மண்ணின் தன்மையைப் பொறுத்து நூறுக்கு இருபது முதல் முப்பது வரை கூடும். பாறை உடைத்தால் இன்னும் அதிகம், துண்டுகளுக்கு இடையில் காற்று நிற்பதால் நூறுக்கு ஐம்பது அளவில் கூடும். மேற்படி பள்ளத்தில் மேல் 6 அடி மண், கீழ் 2 அடி பாறை என்று வைத்துக்கொள்வோம். மண் 72 யூனிட், கால் பங்கு கூடினால் 90 யூனிட். பாறை 24 யூனிட், பாதி கூடினால் 36 யூனிட். ஆக மொத்தம் 126 யூனிட், 42 நடை. 32 நடைக்குப் பணம் எடுத்து வைத்தவருக்கு 10 நடை துண்டு விழும்.

ஆகவே ஒப்பந்தம் பேசும்போது நடைக்கணக்கில் பேசாமல் குழி அளவில் பேசுவது நல்லது. குழியை நாமே நாடா வைத்து அளந்துகொள்ளலாம். எத்தனை நடை போயிற்று என்று வாசலில் ஆள் வைத்து எண்ண வேண்டாம். நடைக்கணக்கில்தான் ஒத்துக்கொள்வேன் என்றால் லாரியின் தொட்டியை உள்பக்கமாக அளந்து பாருங்கள். மூன்று யூனிட் என்று சொல்லும் வண்டி இரண்டரைதான் பிடிக்கும் என்பது அளந்தால்தான் தெரியும். எடையையும் மறக்க வேண்டாம். உதிரி மண் ஒரு யூனிட் காய்ந்த நிலையில் சுமார் 4 டன் வரும், நனைந்தால் இன்னும் கூடும். வண்டி தாங்கும் எடைக்கு மேல் ஏற்றினால் வழியில் பிடிபட்டு வேலை நிற்கும்.

தோண்டாத மண்ணே மலிவான மண்

அப்புறப்படுத்தும் செலவைக் குறைக்க முதல் வழி, குறைவாகத் தோண்டுவது. அடியறை கட்டினேன் என்று சொன்னேன் அல்லவா? இன்று அதில் காலிச் சாக்கும் பழைய தராசும்தான் கிடக்கின்றன. ஈரம் ஏறுகிற இடத்தில் பருப்போ அரிசியோ மிளகாய் வற்றலோ வைக்க முடியாது. தானியச் சரக்குக்காரர்கள் பூமிக்கு அடியில் இடம் தேடுவதைவிடத் தரைமட்டத்தை உயர்த்துவதுதான் உத்தமம். கட்டட மேஸ்திரியோ பொறியாளரோ "எதற்கும் இரண்டடி கூடத் தோண்டிவிடலாம்" என்று சொன்னால், எதற்காக என்று கேளுங்கள். அஸ்திவாரத்துக்குத் தேவையானால் குறைக்கக் கூடாது. தேவையில்லாவிட்டால் 40-க்கு 30 இடத்தில் அந்த இரண்டடி என்பது 24 யூனிட் என்று நினைவில் இருக்கட்டும்.

தரம் பிரித்தால்தான் விலை

கலந்த சரக்கை யாரும் வாங்க மாட்டார்கள். மண்ணுக்கும் அதே நியாயம்தான். மேல்மண், அடிமண், சரளை, சுக்கான், கருங்கல் எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டி, மேலே பழைய செங்கல், ஓட்டுத் துண்டு, பிளாஸ்டிக் பை எல்லாம் சேர்த்துவிட்டால், இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்க ஆள் வராது. பிரித்து வைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேவைக்காரர் இருக்கிறார்.

மேல்மண்: புல் பூண்டு முளைத்த மேல் முக்கால் அடி, ஓர் அடி மண்ணில்தான் சத்து இருக்கிறது. தென்னந்தோப்பு, வாழைத் தோட்டம், நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர்கள் கேட்டு வாங்குவார்கள். இதை முதலிலேயே வழித்துத் தனியாகக் குவிக்க வேண்டும். தரைக்கு அடியில் நிரப்ப இது உதவாது, மக்கி அமுங்கிவிடும்.

செம்மண்ணும் சரளையும்: வீட்டுத் தரை நிரப்பவும், தாழ்ந்த மனையை உயர்த்தவும், பாதை போடவும் இவையே ஏற்றவை. வீடு கட்டுகிறவர்கள் இதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

கரிசலும் களியும்: ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். கட்டடத்தின் தரைக்கு அடியில் போட்டால் தளம் விரிசல் விடும். வயலுக்கும் தோட்டத்துக்கும் மட்டுமே கொடுக்கலாம்.

சுக்கான்: பாதி பாறையாகவும் பாதி மண்ணாகவும் இருக்கும். லாரி நிற்கும் முற்றத்துக்கும் வண்டிப் பாதைக்கும் அடியில் போட்டு இறுக்கினால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

கருங்கல்: இதுதான் உள்ளதில் பெறுமானம் உள்ளது. அடுத்துச் சொல்கிறேன்.

பிரிப்பதற்குத் தனிச் செலவு இல்லை. ஜேசிபி ஓட்டுநரிடம் வேலை தொடங்கும் முன்பே "மேல் ஓர் அடி இந்தப் பக்கம், கல் அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டால் போதும். குவியலைக் குழியின் விளிம்பை ஒட்டிப் போட விடாதீர்கள். பாரத்தால் கரை சரிந்து, உள்ளே வேலை செய்கிறவர்கள் மேல் விழும். ஆள் உயரத்துக்குக்கூட வேண்டாம், ஐந்தடி ஆழமே உயிரை எடுக்கப் போதும்.

கல்லைக் காசாக்குவது

பாறை வந்துவிட்டது என்றாலே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறோம். தோண்டுவதற்குச் செலவு அதிகம்தான். ஆனால் வெளியே வந்த கல் வீண்போவதில்லை. ஒருவர் தூக்கக்கூடிய அளவில் உடைந்த கல் காம்பவுண்ட் சுவர் அஸ்திவாரத்துக்கும், கிணற்றுச் சுற்றுச்சுவருக்கும், சரிவான நிலத்தில் மண் அரிக்காமல் கட்டும் தடுப்புக்கும் ஆகும். சிறு கல்லைத் தளத்துக்கு அடியில் கற்படுகையாகப் பரப்பலாம். நமக்கே காம்பவுண்ட் சுவர் கட்ட வேண்டியிருக்கும்போது, தோண்டிய கல்லை வாடகை கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, குவாரிக் கல்லை வாடகை கொடுத்து உள்ளே கொண்டுவருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உடைப்பதற்கு பிரேக்கர் பூட்டிய இயந்திரத்தை மணி வாடகைக்குப் பிடிக்கலாம். பாறை குறைவாக இருந்தால், உளியும் ஆப்பும் வைத்துப் பிளக்கத் தெரிந்த கல் வேலைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பிளந்த கல் முகம் நேராக இருப்பதால் கட்டுமானத்துக்கு உகந்தது. கடைவீதியில் வெடி வைக்கிறேன் என்று யார் வந்தாலும் சம்மதிக்க வேண்டாம். உரிமம் இல்லாமல் வெடிமருந்தைக் கையாளுவது குற்றம். அக்கம்பக்கத்துச் சுவர் விரிந்தால் அந்தக் கணக்கு தனி.

எடுப்பவரைத் தேடுவது

சரக்கு கையில் வந்த பிறகு வாங்குபவரைத் தேடினால் விலை நம் கையில் இல்லை. மண்ணும் அப்படித்தான். தோண்டுவதற்கு ஒரு மாதம் முன்பே விசாரிக்கத் தொடங்க வேண்டும். இரண்டு மூன்று மைல் சுற்றளவில் அஸ்திவாரம் எழும்பி நிற்கும் வீடுகளைப் பாருங்கள், அவர்களுக்குத் தரை நிரப்ப மண் வேண்டும். தாழ்ந்த மனை வைத்திருப்பவர்கள், பள்ளிக்கூட மைதானம் மேடாக்க விரும்புகிறவர்கள், தோட்டக்காரர்கள், கட்டட மேஸ்திரிகள், டிராக்டர் வைத்திருப்பவர்கள் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். மனை வாசலில் "மண் கிடைக்கும்" என்று ஒரு தகரத்தில் எழுதி வைத்தாலே நாலு பேர் வந்து கேட்பார்கள்.

மண்ணுக்கு விலை கேட்க வேண்டாம். "மண் இலவசம், வண்டி வாடகை உங்களுடையது" என்றால் பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். வாடகையைப் பாதியாகப் பிரித்துக்கொண்டாலும் நமக்கு லாபமே. தூரம் குறைந்தால் வாடகை மட்டும் அல்ல, இயந்திர வாடகையும் குறையும். ஒரு லாரியை நிரப்பப் பத்து நிமிடம், போய்க் கொட்டிவிட்டு வர முப்பது நிமிடம் என்றால், ஒரே லாரி வைத்தால் ஜேசிபி மணிக்கு நாற்பத்தைந்து நிமிடம் சும்மா நிற்கும். நிற்கிற நேரத்துக்கும் நாம்தான் வாடகை கொடுக்கிறோம். நான்கு லாரி சுற்றினால் இயந்திரம் நிற்காது. அல்லது கொட்டும் இடம் பக்கத்தில் அமைந்தால் இரண்டே வண்டி போதும்.

காலமும் முக்கியம். பங்குனி, சித்திரையில் மண் காய்ந்து இலகுவாக இருக்கும், வண்டி சேற்றில் புதையாது. தோட்டக்காரர்களும் கோடையில்தான் மண் அடித்துக்கொள்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தோண்டினால் குழியில் தண்ணீர், பாதையில் சேறு, எடுப்பவர் யாரும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது

"என் மனை, என் மண், நான் எடுத்துப் போகிறேன்" என்று நாம் நினைக்கிறோம். நிரப்புவதற்கும் சமப்படுத்துவதற்கும் பயன்படும் சாதாரண மண்ணும் 2000-ஆம் ஆண்டு மத்திய அரசின் அறிவிக்கையால் சிறுகனிமம் ஆகிவிட்டது. புனே நகரத்துக் கட்டடம் கட்டுவோர் சங்கம் தொடுத்த வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம், தோண்டியதை மட்டும் வைத்துக் கட்டணம் விதிக்க முடியாது, அந்த மண் எதற்குப் பயன்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும் என்று சொன்னது. மனைக்குள்ளேயே பயன்படுத்துவதில் இதுவும் ஓர் அனுகூலம். வெளியே கொண்டு போவதானால் நிலைமை வேறு. கனிமத்தை அனுமதிச் சீட்டு இல்லாமல் வண்டியில் கொண்டு செல்வது தமிழ்நாட்டின் 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி குற்றம். வண்டியைப் பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே மண்ணை வெளியே அனுப்பும் முன் மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத்துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, செலுத்த வேண்டியதைச் செலுத்தி, சீட்டு வாங்கிய பிறகே வண்டியை நகர்த்துங்கள்.

கட்டட இடிபாடுகள் பற்றி மத்திய அரசு 2016-இல் தனி விதிகள் கொண்டுவந்தது. ஒரு நாளில் 20 டன்னுக்கு மேல் அல்லது ஒரு மாதத்தில் 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குகிறவர்கள் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரை என்று நான்காகப் பிரித்து வைக்க வேண்டும் என்றது. 20 டன் என்பது 5 யூனிட்தான், இரண்டு லாரிகூட முழுதாக இல்லை. 2025-இல் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு என்று குறிக்கப்பட்டன. விதியின் பெயர் எப்படி மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: தெருவிலும் வடிகாலிலும் கொட்டக் கூடாது. எங்கே கொட்டலாம் என்பதை நகராட்சி அல்லது மாநகராட்சியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் பக்கம் மட்டும் ஒரு கூடை மண்கூடப் போக விடாதீர்கள். ஏரிகளைக் காக்க 2007-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள். 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் கடைகளுக்குள் புகுந்தபோது எத்தனை வணிகர்கள் சரக்கை இழந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடவில்லை. தண்ணீர் போகிற வழியை அடைத்தால் அது வேறொருவர் வாசலைத் தேடிப் போகும்.

மண் எடுப்பவரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள். எந்த ஊர், எந்த சர்வே எண், எத்தனை யூனிட், நிலம் யாருடையது என்று அதில் இருக்கட்டும். பட்டாவை ஒரு முறை பார்த்துவிடுங்கள். புறம்போக்கில் கொட்டச் சொல்லிவிட்டு நழுவுகிறவர்கள் உண்டு. ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையை, மண் எங்கே போனது என்று நேரில் போய்ப் பார்த்த பிறகு கொடுங்கள்.

இரண்டாம் முறை

2019-இல் இன்னொரு கிட்டங்கி கட்டினோம். மனையின் பின்பகுதி மேடு, முன்பகுதி பள்ளம். மேலே உதாரணம் சொன்ன அளவு என்னுடைய அந்த மேட்டின் அளவுதான்: 126 யூனிட், 42 நடை. இந்த முறை தோண்டும் முன்பே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

உதிரி மண் 90 யூனிட்டில் 45 யூனிட்டை முன்பக்கத்து 60-க்கு 40 அடி முற்றத்திலேயே நிரப்பினோம். முக்கால் அடி கனத்துக்கு ஒரு தடவை பரப்பி, தண்ணீர் விட்டு, உருளை ஓட்டி, பிறகு அடுத்த அடுக்கு. இறுகிய பிறகு ஒன்றரை அடி உயர்ந்தது. மேல்மண் 15 யூனிட் ஒரு தென்னந்தோப்புக்குப் போயிற்று, அந்த 5 நடைக்கு வாடகை என்னுடையது. மீதி 30 யூனிட்டை வீடு கட்டிய ஒருவர் தம் செலவில் 10 நடையாக எடுத்துக்கொண்டார். கல் 36 யூனிட்டில் 15 காம்பவுண்ட் அஸ்திவாரத்துக்கு, 9 முற்றத்தின் கற்படுகைக்கு. பாக்கி 12 யூனிட்டைக் கிணற்றுச் சுவர் கட்டிய விவசாயி தம் வண்டியில் ஏற்றிப் போனார். வெளியே போன மண்ணுக்கும் கல்லுக்கும் சீட்டு வாங்கினோம். ஆக 42 நடைக்கு வாடகை கொடுக்க வேண்டிய இடத்தில் 5 நடைக்குத்தான் கொடுத்தேன். அந்த ஐப்பசியிலும் நல்ல மழை. யாரும் என் கடைக்கு வந்து நிற்கவில்லை.

சங்கத்துக்கு ஒரு யோசனை

நம் உறுப்பினர்களில் ஒருவர் மண்ணை வெளியேற்றப் பணம் கொடுக்கும் அதே மாதத்தில், அடுத்த தெருவில் இன்னொருவர் மண் வாங்கப் பணம் கொடுக்கிறார். ஒருவருக்கு மற்றவரைத் தெரிவதில்லை. சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்தால் போதும். ஒரு பக்கம் "தோண்டுகிறவர்", எதிர்ப்பக்கம் "தேவைப்படுகிறவர்". மண்ணின் வகை, யூனிட், மாதம் மூன்றையும் எழுதினால் போதுமானது. இதற்குச் செலவு ஒரு நோட்டும் ஒரு பேனாவும்தான். நிர்வாகக் குழு இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இந்த யோசனையைச் சென்ற கூட்டத்துக்கு முன் முதலில் யாரிடம் சொன்னேன் தெரியுமா? அன்றைக்குப் பருப்பு நனைந்த அந்த நண்பரிடம்தான். "நோட்டில் முதல் பெயர் என்னுடையதாக இருக்கட்டும் அண்ணாச்சி, என் பின்வாசலை இரண்டடி உயர்த்த வேண்டும்" என்றார்.

வணிகர் ஒற்றுமை ஓங்குக!